காலேஜுக்காரன் உங்கிட்ட இன்னா பாக்குறான்?

யம்மா கண்ணு, பிளஸ் டூ ரிசல்ட்டு வந்த அன்னிக்கு உங்க அத்தைக்காரிக்குச் சேதி போறதுக்கு முன்னாடியே எங்கியோ இருக்கிற ஒரு காலேஜுக்குப் போயிடுச்சு, பாத்தியா? வூட்டுல இன்னும் சக்கரை டப்பா தொறக்கல, அதுக்குள்ள போனு. "மேடம், வாழ்த்துகள்"ன்றான். உன்னைய மேடம்ன்றான்! வல்லம் வடகால்ல உன்னை அப்படிக் கூப்புட்டவன் இது வரைக்கும் எவன்? பஸ் பிரீயாம், பேக் பிரீயாம், லேப்டாப் பிரீயாம், நூத்துக்கு நூறு பிளேஸ்மென்ட்டாம். இவ்ளோத்தையும் சும்மா குடுக்கிறவன் எதை வச்சுப் பொழைக்கிறான்னு எனக்கு அன்னிலேர்ந்து ஒரே கவலை.

"தாத்தா, சீட்டு குடுக்கிறவங்க நம்மகிட்ட இன்னா பாப்பாங்க?"ன்னு கேட்டியே, நல்ல கேள்வி. உங்கப்பன் மார்க்குன்னான். உங்கம்மா ஒழுக்கம்னா. ரெண்டு பேரும் சூது வாது தெரியாத ஜனங்க. அதனாலதான் அந்தக் காலத்துல மாடு வாங்கப் போறசொல்லோ நான் இவங்களைக் கூட்டிக்கினு போனதில்ல. நீ மட்டும் இப்படி வந்து உக்காரு, சொல்றேன்.

நான் எட்டாவதோட நின்னவன்தான். ஆனா எங்க தமிழய்யா நன்னூல்ல பாதியை மண்டையில ஏத்தித்தான் வெளிய வுட்டாரு. பவணந்தி முனிவர் எழுதுன இலக்கணம், 13-ஆம் நூற்றாண்டு. யாருக்குப் பாடம் சொல்லலாம்னு அதுல ஒரு பட்டியல் போட்டிருக்காரு. ஆறு பேரு. மொதல்ல வாத்தியாரோட சொந்தப் புள்ள. ரெண்டாவது வாத்தியாருக்கு வாத்தியாரோட புள்ள. மூணாவது ராசா புள்ள. நாலாவது பொருளை அள்ளிக் குடுக்கிறவன். அஞ்சாவது பணிஞ்சு நடக்கிறவன். ஆறாவதா, கடைசியா, சொன்னதைக் கப்புனு புடிச்சுக்கிறவன். மூளைக்காரன் வரிசையில எங்க நிக்கிறான், பாத்தியா? கியூவோட வாலுல.

நான் அந்த வயசுலயே எந்திரிச்சுக் கேட்டேன், "அய்யா, ராசா மகனுக்கு ஏன் மூணாவது எடம்?"ன்னு. "நூலை எழுதித் தாங்கன்னு கேட்டவனே சீயகங்கன்னு ஒரு சிற்றரசன்டா. சோறு போட்டவன் புள்ளைக்கு மூணாவது எடமாவது வேணாமா?"ன்னாரு. அன்னிக்கே எனக்கு அட்மிஷன்னா இன்னான்னு வெளங்கிப் போச்சு. அதோட நான் படிப்பை வுட்டதுக்கு அதுதான் காரணம்னு உங்க பாட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், நீ மாத்திச் சொல்லாத.

அதே நூல்ல மாணாக்கனையும் தரம் பிரிச்சிருக்காரு. அன்னமும் பசுவும் மொதத் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைசித் தரம். பன்னாடைன்னா உங்கப்பன் உன் தம்பியைத் திட்டுற பன்னாடையேதான். நெய் வடிகட்டறசொல்லோ நல்ல நெய்யைக் கீழ வுட்டுட்டுக் கசடைப் புடிச்சு வச்சுக்கும். இதுல வேடிக்கை இன்னான்னா, இன்னிக்கு ஊர்ல இருக்கிற கோச்சிங் சென்டர் அத்தினியும் வலை போட்டுத் தேடறது கிளியைத்தான். சொன்னதைத் திருப்பிச் சொன்னா போதும், படம் போட்டு பேனர் கட்டிடுவான். பவணந்தி நடுத்தரம்னு ஓரங்கட்டுன சரக்கு, ஒரகடம் ரோட்டுல முப்பது அடி உயரத்துல சிரிச்சிக்கினு நிக்குது.

நம்ம ஊருதான் பொல்லாது, வெளிநாட்டுல எல்லாம் நாயமா நடக்கும்னு நெனக்காத. அமெரிக்காவுல ஹார்வர்டுன்னு ஒரு காலேஜு, 1636-ல ஆரம்பிச்சது. சீட்டு குடுக்கிறதுல பாரபட்சம்னு அது மேல கேஸு போட்டாங்க. கேஸு கோர்ட்டுக்கு வரசொல்லோ உள்ள பூட்டி வச்சிருந்த கணக்கெல்லாம் வெளிய வந்துடுச்சு. நாலு வகைப் புள்ளைங்களுக்கு அங்க தனிக் கவனிப்பு. வெளையாட்டுக்காரன் ஒண்ணு. அங்கியே படிச்சவங்க வூட்டுப் புள்ள ரெண்டு. டீன் தனியா வச்சிருக்கிற பட்டியல்ல பேரு இருக்கிறவன் மூணு. அங்க வாத்தியாரா, வேலைக்காரங்களா இருக்கிறவங்க புள்ள நாலு. டீன் பட்டியல்ல பேரு எப்படி ஏறும்ன்றியா? நன்கொடை குடுத்த குடும்பத்துக்கு அதுல எடம் உண்டு. 2014-லேர்ந்து 2019 வரைக்கும் படிப்பு முடிக்கிற பேட்ச்சுங்களுக்கு அங்க சீட்டு கெடச்ச வெள்ளைக்காரப் புள்ளைங்கள்ல நூத்துக்கு 43-க்கு மேல இந்த நாலு வகைதானாம். 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு: இனத்தைப் பாத்து எடம் குடுக்கக் கூடாதுன்னு. அப்பன் படிச்சதைப் பாக்கலாமா, தாத்தன் கட்டிக் குடுத்த கட்டடத்தைப் பாக்கலாமான்ற பஞ்சாயத்தைக் கோர்ட்டு தீத்து வைக்கல. பவணந்தி இருந்திருந்தா, "என் ஓலையை எவன்டா கடல் தாண்டிக் கடத்திக்கினு போனது?"ன்னு ஒரு கேஸு போட்டிருப்பாரு.

2019-ல அங்க இன்னொரு கூத்து. சிங்கர்னு ஒரு அட்மிஷன் ஆலோசகன். மார்க்கு வச்சிருக்கிறவன் முன் வாசல்ல போவான், கோடி கோடியா கொட்டுறவன் பின் வாசல்ல போவான், நான் தொறக்கிறது பக்க வாசலுன்னான். துடுப்பே புடிக்காத புள்ளையைப் படகு வலிக்கிறாப்புல போட்டோ எடுக்க வச்சு, கோச்சு கையில துட்டை அமுக்கி, வெளையாட்டு சீட்டுல உள்ள நுழைச்சான். ஃபெலிசிட்டி ஹஃப்மேன்னு ஒரு நடிகை, மக பரீட்சை எழுதுன தாளைத் திருத்துறதுக்கு 15,000 டாலர் குடுத்து, 14 நாள் ஜெயில் தண்டனை வாங்குனாங்க. நீ நம்ம ஏரியில நெசமாவே அக்கரைக்கு நீந்துறவ. உன்னைய ஒரு போட்டோ எடுக்க நமக்குத்தான் ஆள் இல்லாம போச்சு.

நம்ம நாட்டுலயும் ஆளைப் பாத்து மார்க்கு போடுற காலம் ஒண்ணு இருந்துது. பங்காளி வழக்குக்காகக் காஞ்சிபுரத்துல வக்கீல் வூட்டுத் திண்ணையில நான் கெடந்த கெடைக்கு, படிச்சிருந்தா நானே வக்கீலாயிருப்பேன். அங்க குமாஸ்தா சொல்லுவாரு. நம்ம மாநிலத்துல மெடிக்கல் சீட்டுக்கு இன்டர்வியூவுக்குன்னே 75 மார்க்கு வச்சிருந்தாங்க. 1970-ல பெரியகருப்பன் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு அதைப் புரட்டிப் பாத்துது. எந்தத் தெறமைக்கு எவ்ளோன்னு பிரிக்காம மொத்தமா மார்க்கை அள்ளிப் போட்டது சட்டப்படி செல்லாதுன்னுது. பத்து வருஷம் கழிச்சு, 1980-ல ஸ்ரீநகர் என்ஜினியரிங் காலேஜு மேல அஜய் ஹாசியான்னு ஒருத்தர் கேஸு. 150 மார்க்குல இன்டர்வியூவுக்கு மட்டும் 50. ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூப்புட்டு, படிப்பைப் பத்தி ஒண்ணும் கேக்காம, அப்பன் யாரு, வூடு எங்கன்னு விசாரிச்சு அனுப்பிட்டாங்கன்னு புகாரு. பொண்ணு பாக்கப் போனவன்கூட இன்னும் ரெண்டு கேள்வி கேப்பான். இன்டர்வியூ மார்க்கு நூத்துக்கு 15-ஐத் தாண்டக் கூடாதுன்னு கோர்ட்டு கடிவாளம் போட்டுது.

அப்பால நம்ம மாநிலத்துல 1984-லேர்ந்து நுழைவுத் தேர்வு. டவுனுப் புள்ளைங்க கோச்சிங் போய் அள்ளிக்கினு போச்சு, கழனிக்காட்டுப் புள்ளைங்க பாத்துக்கினு நின்னுது. 1997-ல என்ஜினியரிங்குக்கு ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்துது. நுழைவுத் தேர்வை எடுக்க 2005-ல ஆரம்பிச்சது, கோர்ட்டு தடுத்துது. 2006-ல தனிச் சட்டமே போட்டு, 2007-லேர்ந்து பிளஸ் டூ மார்க்கு மட்டும் போதும்னு ஆச்சு. டாக்டருக்குப் போறவங்களுக்கு 2017-லேர்ந்து நீட்டுன்னு வேற தலைவலி; நீ ஊசியைப் பாத்தாலே கண்ணை மூடிக்கிறவ, அந்தக் கதை நமக்கு வேணாம்.

இப்போ உனக்குன்னு இருக்கிற கணக்கு 200. கணக்குப் பாடத்துக்கு 100, இயற்பியல்ல பாதி 50, வேதியியல்ல பாதி 50. அவ்ளோதான் கட் ஆஃப். இந்தக் கவுன்சலிங் கம்ப்யூட்டரு மாதிரி நாயஸ்தனை நான் பாத்ததில்ல. அதுக்கு மாமன் இல்ல, மச்சான் இல்ல, எம்எல்ஏ லெட்டரு படிக்கத் தெரியாது, மூஞ்சியைப் பாத்து செவப்பா கறுப்பான்னு சொல்லத் தெரியாது. ரெண்டு பேரு ஒரே கட் ஆஃபுல நின்னா கணக்கு மார்க்கைப் பாக்கும், இயற்பியலைப் பாக்கும், இன்னும் இருக்கிற மார்க்கெல்லாம் பாக்கும். அதுலயும் சரி சமம்னா யாரு மூத்தவங்களோ அவங்களை முன்னாடி கூப்புடும். இந்தக் காலத்துல வயசுக்கு மரியாதை குடுக்கிறது அந்தப் பொட்டி ஒண்ணுதான் கண்ணு. பொறந்த தேதியும் ஒண்ணா இருந்தா, பத்து இலக்கத்துல குடுத்த ரேண்டம் நம்பரு. அதைக் கேட்டுட்டுச் சிரிக்காத. நம்ம உத்திரமேரூர்ல பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்குதே, அதுல இருக்கிற குடவோலையும் இதேதான். சின்னப் பையனை வுட்டுக் குடத்துலேர்ந்து ஓலையை எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் புடிச்சாங்க. இன்னா ஒண்ணு, அந்தக் குடத்துல பேரு போடணும்னாலே சொந்த நெலமும் சொந்த வூடும் வேணும்.

சாதிச் சான்றிதழைப் பத்தி உன் பெரிய மாமன் கல்யாண வூட்டுல பொங்குனான் பாரு. "69 சதவீதம் இட ஒதுக்கீடு வச்சா தெறமை எங்க இருக்கும்? மார்க்கை மட்டும் பாக்கணும்"னு. நானும் பந்தியில பாயசத்தை வழிச்சிக்கினே தலையை ஆட்டுனேன். கை கழுவுற எடத்துல மெதுவாக் கேட்டேன், "மாப்ள, உம்ம பையன் எந்தக் கோட்டாவுல சேந்தான்?" "மேனேஜ்மென்ட்டு மாமா"ன்னான். "அதுல மார்க்கு எவ்ளோ பாத்தாங்க?"ன்னேன். அதுக்கு மேல அவனுக்கு மோர் வாங்கப் போற அவசரம். தலைமுறை தலைமுறையா பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்க வுடாத ஜனத்துக்கு ஒதுக்குனா தெறமை போயிடும். துட்டு குடுத்தவனுக்கு ஒதுக்குனா மட்டும் தெறமை பத்தரமா இருக்கும். அந்தச் சூத்திரம் எந்தப் புஸ்தகத்துல இருக்குதோ தெரியல, எங்க தமிழய்யா நடத்தல.

நீ ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட்டு ஸ்கூல்ல படிச்சவ. அந்த ஸ்கூலு ஓட்டு மேல குரங்கு ஓடுதுன்னு அழுவியே, அந்தக் குரங்குக்கு இன்னிக்கு ஒரு தேங்காய் ஒடைக்கணும். 2021-லேர்ந்து என்ஜினியரிங்லயும் உங்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. அதுல எடம் கெடச்சா படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் கவர்மென்ட்டு கட்டும். புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா உன் பேங்குக் கணக்குல வுழும். அதுக்கு நாமினி யாருன்னு இப்பவே பேசி வச்சுக்கலாம், தாத்தா வெத்தலைக்குக் கஷ்டப்படறேன்.

சரி, இது முன் வாசலு. சாதாரணத் தனியார் காலேஜுல நூறு சீட்டுன்னா 65 கவுன்சலிங்ல போவணும், 35 நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் காலேஜுன்னா பாதிப் பாதி. அந்த நிர்வாகச் சீட்டுல இன்னா பாக்குறாங்கன்னு தெரிஞ்சிக்க உன் சின்னத் தாத்தா பையனுக்குச் சீட்டு கேக்க அவரோட ஒரு தரம் நானே போனேன். மாட்டுச் சந்தையில தரகன் துண்டுக்குள்ள கையை வுட்டு, வெரலைப் புடிச்சே வெலை பேசுவான். பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க துண்டுக்குப் பதிலா ஏசி ரூமு. பையனை வெளிய சோபாவுல உக்கார வச்சுட்டாங்க. படிக்கப் போறவன் வெளிய, பட்டா வச்சிருக்கிறவன் உள்ள.

"சார் எந்த ஊரு?"ன்னாரு அந்த ஆபீசரு. வல்லம் வடகால்னோம். மேசையில இருந்த மேரி பிஸ்கட்டு போச்சு, முந்திரி பிஸ்கட்டு வந்துது. "சிப்காட்டு பக்கமா? ரொம்ப சந்தோசம். ரோட்டு மேலயா சார், உள்ள தள்ளியா?"ன்னாரு. கண்ணு, அதுதான் நுழைவுத் தேர்வு. பையன் மார்க் ஷீட்டு உறையை வுட்டு வெளியவே வரல. உள்ள தள்ளித்தான்னு சின்னத் தாத்தா சொன்னதும் அவரு மூஞ்சி கொஞ்சம் வாடுச்சு, மெக்கானிக்கல் வேணா இருக்குதுன்னாரு. கேபிடேஷன் ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு நம்ம மாநிலத்துல 1992-லயே சட்டம். சட்டத்துக்கு அவங்க ரொம்ப மரியாதை குடுக்கிறவங்க. அதனால அந்தப் பேரையே வாயில எடுக்கல. பில்டிங்குக்குன்னாங்க, வளர்ச்சிக்குன்னாங்க. ரசீதுன்னு ஒரு வார்த்தை கேட்டேன். முந்திரி பிஸ்கட்டும் போச்சு.

இப்போ உன் வாசலுக்கு வர்ற போனுக்கு வருவோம். நம்ம மாநிலத்துல என்ஜினியரிங் காலேஜு நானூறுக்கு மேல இருக்குது. ரெண்டு டஜன் காலேஜுக்குப் புள்ளைங்க முட்டி மோதும். மத்த நெறைய காலேஜு புள்ளைக்கு முட்டி மோதும். வருசா வருசம் கவுன்சலிங் முடிஞ்சும் ஆயிரக்கணக்குல எடம் காத்தாடும். அதனால அந்தக் காலேஜுங்க உங்கிட்ட இன்னா பாக்குதுன்னா, உனக்கு மூச்சு இருக்குதான்னு பாக்கும். கவர்மென்ட்டு ஸ்கூல் புள்ளைன்னா இன்னும் இனிப்பு. பீஸை கவர்மென்ட்டு கட்டிடும், உங்கப்பன் பின்னாடி அலைய வேணாம்.

அதுக்கு ஒரு வலை வச்சிருக்கான். கல்யாண மண்டபத்துல "இலவச கவுன்சலிங் உதவி"ன்னு பேனரு கட்டி, உள்ள லேப்டாப்போட நாலு தம்பிங்க. டையெல்லாம் கட்டிக்கினு, அக்கா அக்கான்னு தேனா பேசுவான். "சாய்ஸ் நாங்களே போட்டுத் தர்றோம், ஓடிபி மட்டும் சொல்லுங்க"ன்னுவான். நம்ம தெருப் புள்ளை ஒண்ணு போன வருசம் சொல்லிச்சு. வூட்டுக்கு வந்து பட்டியலைத் தொறந்தா, மொத எடத்துல கேள்வியே படாத ஒரு காலேஜோட நாலு இலக்க கோடு நம்பரு. அது கேட்ட காலேஜு எட்டாவது எடத்துல குந்திக்கினு இருக்குது. கம்ப்யூட்டரு நாயஸ்தன்னு சொன்னேன் இல்ல? நாயஸ்தன்கிட்ட எதை எழுதிக் குடுத்தியோ அதைத்தான் குடுப்பான். மேலேர்ந்து கீழ படிச்சிக்கினே வருவான், உன் ரேங்குக்கு எது மொதல்ல கெடைக்குதோ அதோட நின்னுடுவான். ஆகையால நமக்கு எது புடிக்குதோ அதை மொதல்ல போடு. கெடைக்காதுன்னு நெனச்சு நல்ல காலேஜைக் கீழ எறக்காத; மேல போட்டா அபராதம் ஒண்ணும் கெடையாது. ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லாத, இந்தத் தாத்தனுக்கும் சேத்துத்தான்.

பட்டியல் போடறதுக்கு முன்னாடி நீ போய் காலேஜைப் பாரு. சொல்லாம கொள்ளாம போவணும். அட்மிஷன் ஆபீஸுக்குப் போகாத, அங்க எப்பவும் தீவாளி. கேன்டீன்ல ஒரு டீயை வாங்கிக்கினு மூணாவது வருசத்துப் பொண்ணுங்க அண்ட உக்காரு. மொத வருசம் ஆசையில பேசும், கடைசி வருசம் பயத்துல பேசும், மூணாவது வருசம்தான் உள்ளதைப் பேசும். லேப்புல மிஷின் மேல வெரலை வச்சுத் தேச்சுப் பாரு; தூசி வந்தா வேடிக்கை பாக்க வச்ச மிஷினு. ஹாஸ்டல்ல தண்ணி எத்தினி மணிக்கு வரும்னு கேளு. பிளேஸ்மென்ட்டு பேனர்ல போட்டோவைப் பாக்காத, "இந்தப் பொண்ணுக்கு எந்தக் கம்பெனி, மாசச் சம்பளம் எவ்ளோ, இன்னும் அங்கியே இருக்குதா?"ன்னு கேளு. அண்ணா பல்கலைக்கழகம் காலேஜு வாரியா பாஸ் சதவீதம் வெளியிடுது, அதைத் தேடிப் படி. சுவத்துல ஒட்டுனது பொய் சொல்லும், அரியரு பொய் சொல்லாது.

வாத்தியாருங்க எத்தினி பேருன்னு கேக்கிறதோட நிறுத்தாத, நேர்ல ஆளைப் பாரு. 2024 ஜூலையில அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டுது. ஒரே ஆளு பல காலேஜுல முழுநேரப் பேராசிரியரா கணக்குல இருந்தாங்க, இப்படி 353 பேரு, 224 காலேஜுல. திருமாலுக்கே பத்து அவதாரம், அதுவும் அத்தினியையும் ஒரே நேரத்துல எடுக்கல. இவங்க எல்லா அவதாரத்தையும் ஒரே நேரத்துல எடுத்து, எல்லா ஊர்லயும் அட்டெண்டன்ஸ் போட்டிருக்காங்க. மாணாக்கன் எப்படி இருக்கணும்னு எழுதுன பவணந்தி, ஆசிரியன் எப்படி இருக்கணும்னும் எழுதியிருக்காரு. நேர்ல இருக்கணும்னு மட்டும் அதுல எழுதல. அதைக்கூட எழுதித்தான் சொல்லணும்னு அவருக்குத் தோணல, பாவம்.

இன்னொண்ணு. எந்தக் காலேஜானாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவன் பீரோவுல வச்சிட்டு வராத. சரி பாத்துட்டு அங்கியே திருப்பிக் குடுத்துடணும்னு யுஜிசி 2018-லயே சொல்லியாச்சு. சர்டிபிகேட்டு அவன் கையில இருந்தா, நீ வேற காலேஜுக்கு மாறணும்னாலும் அவன் வாசல்ல போய்க் கெஞ்சிக்கினு நிக்கணும். சாதிச் சான்று, வருமானம், முதல் பட்டதாரிச் சான்று எல்லாத்தையும் இ-சேவையில முன்கூட்டியே வாங்கி வை. நம்ம வூட்டுல நீதான் முதல் பட்டதாரின்னு கவர்மென்ட்டே சொல்லட்டும். நான் சொன்னா உன் மாமன் நம்ப மாட்டான்.

காலேஜு பாக்குறது நாலு வருசத்துக்கு. அப்பால உன்னைப் பாக்கப் போறது இந்த ரோட்டுல இருக்கிற கம்பெனி கேட்டுங்கதான். காலையில ஆறு மணிக்கு ஒரகடம் கூட்ரோட்டுல போய் நில்லு. கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்துல பிஇ, டிப்ளமோ, ஐடிஐ எல்லாரும் ஒரே கலர் சட்டை. எவன் கட் ஆஃப் எவ்ளோன்னு சட்டையில எழுதல. டீக்கடையில உக்காந்தா கேக்கலாம், பிஇ படிச்சதைச் சொன்னா எடுக்க மாட்டான்னு டிப்ளமோன்னு மட்டும் சொல்லி உள்ள போனவங்க கதையை. இல்லாத படிப்பைச் சொல்லி வேலை வாங்குனதைத்தான் நான் கேட்டிருக்கேன், இருக்கிறதை மறைச்சு வேலை வாங்குறது இந்த ரோட்டுலதான் பாக்குறேன். ஆனா அதே கேட்டுக்குள்ள டிப்ளமோ முடிச்சு, நேரா ரெண்டாவது வருசத்துல பிஇ சேந்து, இன்னிக்கு லைனையே பாத்துக்கிற பசங்களும் இருக்காங்க. மிஷினு நின்னுபோனா ஓடிவந்து கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: "இதைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்க யாரு?" எந்த வாசல்ல நுழைஞ்சேன்னு எவனும் கேக்கிறதில்ல.

நம்ம ஊர்ல கட்டியிருக்காங்களே, பெண் தொழிலாளிங்க ஹாஸ்டலு, 18,720 பேருக்கு. 13 கட்டடம், ஒவ்வொண்ணும் பத்து மாடி, 706 கோடியே 50 லட்சம் செலவு, 2024 ஆகஸ்டுல தொறந்தது. எங்கெங்கியோ இருந்து வந்த புள்ளைங்க, ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து தொலைதூரக் கல்வி புஸ்தகத்தைத் தொறக்கிற புள்ளைங்களும் அதுல உண்டு. உங்கப்பன் அந்தக் கட்டடத்தைக் காட்டி, "படிக்கலேன்னா அங்க போவ"ன்னு உன்னைய மெரட்டுறான். தன் சம்பளத்துல தன் தங்கச்சியைப் படிக்க வைக்கிற புள்ளைங்களைக் காட்டிப் பயமுறுத்துனா, அவனுக்குத்தான் வெக்கம். நீ அவங்கள்ல ரெண்டு பேரைச் சிநேகிதம் புடி. எந்தப் படிப்பு கேட்டைத் தாண்டும், எது தாண்டாதுன்னு எந்த ஆலோசகனும் சொல்லாததை அவங்க சொல்லுவாங்க, பீஸு வாங்காம.

கடைசியா ஒரு அட்மிஷன் கதை, நம்ம ஸ்ரீபெரும்புதூர்க்காரரோடது. 1017-ல பொறந்தாருன்னு சொல்ற ராமானுசர். மொதல்ல சேந்தது காஞ்சிபுரத்தண்ட திருப்புட்குழியில, யாதவப்பிரகாசர்கிட்ட. சுலபமா சீட்டு கெடச்சுது. வாத்தியாரு சொன்ன அர்த்தம் தப்புன்னு பையன் திருத்துனான். வாத்தியாருக்கு ஆத்திரம். காசி யாத்திரை கூட்டிக்கினு போய் வழியிலயே ஆளைத் தீத்துடலாம்னு திட்டம். சித்தி மவன் கோவிந்தன் காதுல போட்டதால தப்பிச்சு வந்தாரு. இன்டர்னல் மார்க்குல கை வைக்கிற வாத்தியாரெல்லாம் தங்கமானவங்கன்னு இப்போ புரியுதா?

அப்பால திருக்கோஷ்டியூர் நம்பின்னு ஒரு குரு. மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டு ஸ்ரீரங்கத்துலேர்ந்து நடந்து போனா, "இப்போ இல்ல, போயிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. ஒரு தரம் இல்ல, 17 தரம். 18-ஆவது தரம்தான் அர்த்தம் சொன்னாரு, யாருக்கும் சொல்லக் கூடாதுன்ற கண்டிசனோட. இவரு நேரா கோயில் மேல ஏறி, ஊரையே கூப்புட்டு எல்லாருக்கும் சொல்லிட்டாரு. கோட்டா இல்ல, கட் ஆஃப் இல்ல, நன்கொடை இல்ல. ஸ்ரீபெரும்புதூர்க்காரங்களுக்கு அன்னிலேர்ந்தே வாயை மூடத் தெரியாது, அதுக்கு நானே சாட்சி.

அந்த நம்பி சீடன்கிட்ட இன்னா பாத்தாரு? அப்பனைப் பாக்கல, நெலத்தைப் பாக்கல, இன்னிக்கு மாதிரி மூணு மணி நேரப் பரீட்சையும் வைக்கல. திருப்பி அனுப்புனா திரும்பி வர்றானான்னு மட்டும் பாத்தாரு. அதை அளக்கிற கருவி நம்ம கவுன்சலிங்ல இல்ல. அதனால நீயே அளந்துக்க. சுலபமா வந்து கையைப் புடிக்கிற காலேஜை வுட்டுத் தள்ளு. அது உன்னைத் தேடி வரல, காலியா இருக்கிற பெஞ்சுக்கு ஆள் தேடி வருது. நீ தேடி அலைஞ்சு, விசாரிச்சு, நாலு பேரைக் கேட்டு, புடிச்சுப் போன எடத்துல சேரு. அது பெரிய பேரு இல்லாத கவர்மென்ட்டு காலேஜா இருந்தாலும் சரி, பாலிடெக்னிக்கா இருந்தாலும் சரி. நீ தேடுனது உனக்குத் தெரிஞ்சா போதும், படிப்பு தானா வரும். வரலேன்னா 18 தரம் போ.

இவ்ளோ யோசனை சொன்னேன், ஆலோசனைக் கட்டணம்னு ஒண்ணு இருக்குது. போய் ரெண்டு கவுளி வெத்தலையும் நல்ல கொட்டைப் பாக்கும் வாங்கியா. அதை நான் கட்டணம்னு சொல்ல மாட்டேன், சட்டம் தெரிஞ்சவன்; வளர்ச்சி நிதின்னு வச்சுக்கோ. உங்க பாட்டி ரசீது கேட்டா மட்டும், தாத்தா வூட்டுல இல்லேன்னு சொல்லிடு.